பிக்கப் வாகனம் வழியில் நின்றால்



நெல்லுக்கும் வெங்காயத்துக்கும் பசளையிடுதல் பற்றிப் பேசுவதற்கு வேறு நாட்கள் உண்டு. இன்று அவ்விளைவைச் சந்தைக்குக் கொண்டு செல்லும் வாகனத்தைப் பற்றிச் சில சொல்ல விரும்புகின்றேன். முன்னாளில் மாட்டுவண்டி நின்ற கொட்டிலில், இன்று பல வீடுகளிலே கெப் என்றும் பிக்கப் என்றும் வழங்கும் டீசல் வாகனம் நிற்கின்றது. மாடு தீன் எடுக்காவிட்டால் அதன் மூக்கையும் காதையும் சாணத்தையும் பார்த்து நோய் இன்னதென்று ஓரளவு மட்டிடத் தெரிந்தவர் நம் கமக்காரர். அதே கமக்காரர் வாகனம் நின்றவுடன் கைபிசைந்து நிற்கின்றார். வழியிற் போகும் ஒருவர் "பம்ப் போய்விட்டது" என்கின்றார். இன்னொருவர் "பற்றரியை மாற்றுங்கள்" என்கின்றார். பணம் செலவாகின்றது, வாகனமோ அசையவில்லை. மாட்டைப் போலவே வாகனமும் தன் நோயைக் குறிகளாற் காட்டுகின்றது. அக்குறிகளைப் பார்த்த பின்னரே ஸ்பானரைக் கையில் எடுத்தல் வேண்டும் என்பதே நான் சொல்ல வந்தது.

இதில் அடங்கியுள்ள நட்டம் சிறிதன்று. யாழ்ப்பாணத்திலிருந்து தம்புள்ளைப் பொருளாதார நிலையத்துக்கு ஏ-9 வீதியால் ஏறத்தாழ 250 கிலோமீற்றர். வெங்காயமும் உருளைக்கிழங்கும் ஒரு நாள் தாமதத்தைப் பொறுக்கும். தக்காளியும் போஞ்சியும் கீரையும் பொறா. படங்கு மூடிய பெட்டியில் வெயிலில் நாலைந்து மணி நேரம் கிடந்தால் அவை புழுங்கிப்போக, வாங்குபவர் சொன்ன விலைக்கே கொடுக்க நேரும். மேலும், 2020ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதிக்கு 2025ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்திலேதான் மீண்டும் பரவலாக இடமளிக்கப்பட்டது. அவ்வைந்து ஆண்டுகளில் பழைய வாகனங்களையே பேணி ஓட்ட வேண்டியதாயிற்று. இருபது முப்பது ஆண்டு ஓடியவை இன்றும் நம் வயற்றெருக்களில் ஓடுகின்றன. அவற்றுக்கு அடிக்கடி சிறு நோய்கள் வருதல் இயல்பே.

முதலில் ஒரு வேற்றுமையை அறிந்துகொள்ளுங்கள். டீசல் எஞ்சின்கள் இரு வகைப்படும். பழைய வகையில், பம்பு ஒன்று டீசலை ஒவ்வோர் உருளைக்கும் தனித்தனிக் குழாயால் அனுப்பும். புதிய வகையில், எல்லா உருளைக்கும் பொதுவான தடித்த குழாய் ஒன்றில் டீசல் மிக உயர்ந்த அழுத்தத்தில் நிற்க, கணினி அதனைப் பங்கிட்டு விடும். இதனைக் கொமன் றெயில் என்பர். வாகனத்தின் மீது டி-4-டி, சி.ஆர்.டி.ஐ. என்றாற்போன்ற எழுத்துக்கள் இருப்பின் அது இவ்வகையே என்று கொள்ளலாம். ஐயமிருப்பின் வாகனத்தின் கைந்நூலைப் பாருங்கள். அல்லது மெக்கானிக் ஒருவரிடம் ஒருமுறை கேட்டுக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். கொமன் றெயில் எஞ்சினின் அழுத்தக் குழாய்களை நீங்கள் எக்காரணம் கொண்டும் தளர்த்தலாகாது. அங்கே டீசல், காற்றமுக்கத்தைப்போல் ஆயிரம் மடங்குக்கும் மேற்பட்ட அழுத்தத்தில் நிற்கக்கூடும். ஊசிமுனையளவான பீற்றலும் தோலைத் துளைத்துத் தசைக்குள் டீசலைச் செலுத்திவிடும். வெளியே குண்டூசி குத்திய அடையாளமே தெரியும். நோவும் முதலிற் பெரிதாயிராது. ஆனால் சில மணி நேரத்தில் உள்ளே தசை அழுகத் தொடங்கி, விரலையோ கையையோ இழக்க நேரலாம். அவ்வாறு நேர்ந்தால் மருந்து பூசிக்கொண்டு வீட்டில் இராமல் உடனே ஆசுபத்திரிக்குச் சென்று, உயர் அழுத்த டீசல் உட்சென்றது என்று தெளிவாகச் சொல்லுதல் வேண்டும்.

நிற்க. டீசல் எஞ்சினிலே, பெற்றோல் எஞ்சினில் உள்ளதுபோலத் தீப்பொறி இடும் பிளக் இல்லை. உருளைக்குள் அகப்பட்ட காற்றை, பழைய எஞ்சின்களில் ஏறத்தாழ இருபதில் ஒரு பங்காக, நெருக்கும்போது அது 500 பாகை சென்ரிகிறேட்டுக்கு மேற் சூடாகின்றது. அச்சூட்டிலே தெளிக்கப்படும் டீசல் தானே பற்றிக்கொள்கின்றது. ஆகவே எஞ்சின் வேகமாகச் சுழல வேண்டும். காற்றுத் தடையின்றிப் புக வேண்டும். டீசல் காற்றுக் குமிழும் நீரும் கலவாமல் வர வேண்டும். எஞ்சின் இயங்க மறுத்தால் இம்மூன்றில் எது குறைகின்றது என்று தேடுங்கள்.

சாவியைத் திருப்பும்போது கேட்கும் ஓசையே முதற்குறி. ஓசையே இல்லை, அல்லது "டிக்" என்று ஒரு தட்டு மட்டும் கேட்கின்றது, அல்லது எஞ்சின் முனகிக்கொண்டு மெல்லச் சுழல்கின்றது என்றால், டீசலைப் பற்றி நினைக்க வேண்டாம். குறை மின்சாரத்தில் உள்ளது. முன்விளக்குகளை எரியவிட்டு ஒருவரை முன்னே நிறுத்திச் சாவியைத் திருப்புங்கள். விளக்கு அணைந்து போவதுபோல மங்கினால் பற்றரி இளைத்துவிட்டது, அல்லது அதன் முனைகள் சரியாகத் தொடுக்கப்படவில்லை. விளக்கு மங்காமல் எரிய, ஸ்ராட்டர் அசையாதிருப்பின், ஸ்ராட்டரிலோ அதற்குச் செல்லும் மெல்லிய கம்பியிலோ சாவிச் சுவிற்சிலோ குறை. இச்சோதனைக்குக் காசு செலவில்லை. நூற்றுக்கு எத்தனை பற்றரிகள் இச்சோதனை செய்யப்படாமலே வீணாக மாற்றப்படுகின்றன என்று கணக்கெடுப்பார் இல்லை!

பற்றரி முனைகளில் வெண்மையும் பச்சையுமாகப் பூத்திருக்கும் தூளே பெரும்பாலும் குற்றவாளி. முதலில் சயக் கம்பியைக் கழற்றுங்கள். பின்பு நேர்க் கம்பி. வெந்நீரில் அப்பச்சோடாவைக் கரைத்துப் பழைய பற்றூரிகையாற் கழுவுங்கள். அந்நீர் பற்றரியின் உள்ளே போகலாகாது. முனையையும் கவ்வியையும் உலோகம் பளிச்சிடும் வரை உரஞ்சி, இறுக்கி, மேலே சிறிது வசலின் பூசுங்கள். பூட்டும்போது நேர்க் கம்பி முதலாவது, சயக் கம்பி கடைசி. சயக் கம்பி மறுமுனையில் வாகனத்தின் உடலையும் எஞ்சினையும் தொடும் இடத்தைப் பலர் பார்ப்பதில்லை. வயற்சேறு பட்டுப் பட்டு அங்கே துருப்பிடித்திருக்கும். அதையும் சுரண்டி இறுக்குதல் வேண்டும்.

சந்தையில் மலிவாகக் கிடைக்கும் வோல்ற்றுமானி ஒன்றை வாங்கி வைத்துக்கொள்வது நன்று. இரவு முழுதும் ஓய்ந்திருந்த நல்ல பற்றரி 12.6 வோல்ற்று அளவு காட்டும். 12.2 என்றால் ஏறத்தாழப் பாதியே மிஞ்சியுள்ளது. எஞ்சின் ஓடும்போது 13.8 முதல் 14.4 வரை ஏறுதல் வேண்டும். ஏறாவிட்டால் பற்றரியில் அன்று, மின்னூட்டும் டைனமோவிலோ அதன் பெல்ற்றிலோ குறை. நீர் விடும் வகைப் பற்றரிக்குக் காய்ச்சி வடித்த நீரையே விடுங்கள். வலிகாமத்துக் கிணற்று நீர் சுண்ணக்கற் பாறையில் ஊறி வருவது. குடிக்க நன்றாயிருக்கலாம், பற்றரிக்கு அது நஞ்சு. பற்றரியருகே பீடி சுருட்டு வேண்டாம். அதிலிருந்து எழும் ஐதரசன் வாயு வெடிக்கக் கூடியது. வெடித்தால் அமிலம் முகத்திற் படும்.

வேறு வாகனத்திலிருந்து மின் கடன் வாங்கும்போதும் இவ்வாயுவை மறவாதீர்கள். நேர்முனையோடு நேர்முனையைத் தொடுத்து, நல்ல பற்றரியின் சய முனையிற் கறுப்புக் கம்பியைப் பூட்டி, அதன் மறுமுனையை உங்கள் பற்றரியிற் பூட்டாமல், பற்றரிக்குத் தூரத்தில் எஞ்சினின் வெறும் உலோகத்திற் பூட்டுங்கள். கடைசித் தொடுகையிலேதான் பொறி பறக்கும். அது பற்றரியின் வாயருகே பறக்கலாகாது. பியூஸ் எரிந்திருந்தால் அதே அளவான பியூஸையே இடுங்கள். செப்புக் கம்பியைச் சுற்றிவிட்டு ஓடுபவர் உண்டு. பியூஸ் எரிவது கம்பி எரியாதிருப்பதற்காகவே. செப்புக் கம்பி இட்டால் பின்னர் எரிவது வாகனம்.

இனி, எஞ்சின் வேகமாகச் சுழன்றும் பிடிக்காத வகை. இப்போது புகைக்குழாயின் பின்னே ஒருவரை நிறுத்திப் பார்க்கச் சொல்லுங்கள். சுழலும்போது புகையே வராவிட்டால் டீசல் உருளைக்குச் சேரவில்லை. வெண்புகை வந்தால் டீசல் சேர்கின்றது, ஆனால் எரியவில்லை. பின்னது நுவரெலியா, வெலிமடைப் பக்கத்துக் காலைக் குளிரில் அடிக்கடி நேர்வது. சாவியை முதற்படிக்குத் திருப்பி, மானிப் பலகையிலுள்ள சுருள் விளக்கு அணையும் வரை காத்திருந்து இயக்குங்கள். அப்போதும் முரண்டினால் சூடேற்றும் பிளக்குகளைச் சோதிப்பிக்க வேண்டும்.

புகையே வராத எஞ்சினில், பழைய வகையாயின், முதலிற் பார்க்க வேண்டியது பம்பின் மேலுள்ள நிறுத்தும் காந்தம். சாவியைத் திருப்பி ஸ்ராட்டரை இயக்காமல் விட்டால், அது "டக்" என்று மெல்லத் தட்டும். தட்டாவிட்டால் அதற்குச் செல்லும் ஒற்றைக் கம்பி கழன்றிருக்கும், அல்லது அதன் பியூஸ் எரிந்திருக்கும். விலையுயர்ந்த பம்பு பழுதென்று கழற்றப்பட்டு, ஈற்றில் இக்கம்பிதான் காரணம் எனக் காணப்படுவது உண்டு. தாங்கியில் டீசல் உளதா என்பதையும் மானியை நம்பாமற் பாருங்கள். முள் பொய் சொல்லும். ஒரு குச்சி சொல்லாது.

டீசல் முற்றாக முடிந்து மீண்டும் ஊற்றினாலும், பில்ரர் எனப்படும் வடியை மாற்றினாலும், குழாயிற் காற்றுப் புகுந்துவிடும். காற்று நெருங்கும், டீசல் நெருங்காது. ஆகவே பம்பு எத்தனை முறை தள்ளினாலும் நடுவிலுள்ள குமிழ் சுருங்கி விரியுமேயன்றி டீசல் முன்னே செல்லாது. இதனை நீக்குதல் எளிது. வடியின் தலையிற் கையால் அமுக்கும் குமிழ்ப்பம்பு உண்டு. அதன் அருகேயுள்ள சிறிய திருகாணியை இரண்டு சுற்றுத் தளர்த்தி, கீழே துணியைப் பிடித்து, குமிழ்ப்பம்பை அமுக்கிக்கொண்டே இருங்கள். முதலில் நுரை வரும். பின்பு குமிழின்றித் தெளிந்த டீசல் வரும். அமுக்கும் நிலையிலேயே திருகாணியை இறுக்குங்கள். பம்பு கையை எதிர்த்துக் கடினமாகும் வரை மேலும் அமுக்கி, பிறகு இயக்குங்கள். ஸ்ராட்டரைப் பத்து விநாடிக்கு மேல் ஒரே முறையில் ஓட்டாது, இடையில் அரை நிமிடம் ஆறவிடுங்கள். கொமன் றெயில் எஞ்சினிலும் கைப்பம்பு இருப்பின் அதனை அமுக்கலாம். ஆயின் அங்கே உங்கள் வேலை வடியுடன் முடிந்தது. காற்று மீண்டும் மீண்டும் புகுமாயின், தாங்கிக்கும் வடிக்கும் இடையிலுள்ள றப்பர்க் குழாயில் வெடிப்போ தளர்ந்த கிளிப்போ இருக்கும். இழுக்கும் குழாயாதலால் அங்கே டீசல் வெளியே ஒழுகாமலே காற்று உள்ளே செல்லும். இது பலரை ஏமாற்றும் குறை.

டீசலில் நீர் கலத்தல் நம் கமக்காரரிடையே மிகுதி. 2022ஆம் ஆண்டு எரிபொருள் தட்டுப்பாட்டின்போது கிடைத்த பீப்பாயிலும் கானிலும் டீசலைச் சேமிக்கும் பழக்கம் பரவிற்று. உழவியந்திரத்துக்கென வைத்ததைப் பிக்கப்புக்கும் ஊற்றுவர். நீர் டீசலிலும் கனமானது, அடியில் தங்கும். பீப்பாயை ஒரு நாள் அசைக்காது வைத்து, மேலிருந்து எடுத்து, அடியில் நாலு விரற்கடையை விட்டுவிடுங்கள். நாகம் பூசிய வாளியிலும் பீப்பாயிலும் டீசலைச் சேமிக்கலாகாது. நாகம் டீசலுடன் சேர்ந்து பம்பைக் கெடுக்கும். வடியின் அடியில் நீர் வடிக்கும் திருகு இருக்கும். அதனைத் தளர்த்தி ஒரு கண்ணாடிப் போத்தலில் சிறிது பிடித்து, சற்று வையுங்கள். நீர் இருந்தால் அடியிலே தனியே கோடு கட்டி நிற்கும். கோடு மறையும் வரை வடியுங்கள். மானிப் பலகையில் நீர் விளக்கு எரிந்தும் ஓட்டினால், பம்பும் இன்ஜெக்ரர்களும் துருப்பிடிக்கும். அவற்றின் விலை ஒரு போகத்து இலாபத்தை விழுங்கிவிடும். டீசலுடன் மண்ணெண்ணெய் கலப்பாரும் உளர். பம்பின் உள்ளுறுப்புக்களுக்கு வழுக்குத் தருவது டீசலே. மண்ணெண்ணெய்க்கு அவ்வழுக்குப் போதாது.

எஞ்சின் இயங்குகின்றது, வெறுமையில் நன்றாய் ஓடுகின்றது, பாரம் ஏற்றி மேட்டில் ஏறும்போது மூச்சுத் திணறுகின்றது என்றால், தாங்கியின் மூடியை ஒருமுறை திறந்து பாருங்கள். "உஸ்" என்று காற்று உட்புகும் ஓசை கேட்டு, அதன்பின் வாகனம் நன்றாக இழுத்தால், மூடியிலுள்ள காற்றுத் துளை சேற்றால் அடைபட்டுள்ளது, கழுவினாற் போதும். ஓசை இல்லையேல் டீசல் வடி அடைபட்டிருக்கும். இத்துடன் கரும்புகையும் தள்ளுமாயின், காற்று வடியைக் கழற்றி வெளிச்சத்திற் பிடியுங்கள். சிறுபோக அறுவடைக் காலத்தில் கிளிநொச்சி, முல்லைத்தீவுத் தெருக்களின் புழுதியும் சூடடிக்கும் களத்துப் பதரும் ஒரு மாதத்திலேயே அதனை அடைத்துவிடும். காகித வடியைத் தட்டி, உள்ளிருந்து வெளியாக மெல்லிய காற்றால் ஊதுங்கள். மண்ணெண்ணெயிற் கழுவாதீர்கள். வடி இல்லாமல் ஓட்டுவது, எஞ்சினுக்குள் மணலை அள்ளிப் போடுவதற்குச் சமம். நீலப்புகை வந்தால் எஞ்சின் ஓயில் எரிகின்றது. அது தெருவிற் தீர்க்கும் நோயன்று. ஓயில் மட்டத்தைப் பார்த்து நிரப்பி, மெல்ல வீடு சேருங்கள்.

இனிச் சூடேறுதல். இதிற்றான் எஞ்சின்களும் அழிகின்றன, மனிதரும் வெந்து போகின்றனர். ஆகவே சற்று விரித்துச் சொல்லுவேன்.

வெப்ப முள் வழமையான இடத்தைத் தாண்டினால், சந்தை கிட்ட இருக்கின்றது, போய்விடலாம் என்று எண்ணாதீர்கள். ஐந்து நிமிட ஓட்டத்தில் எஞ்சினின் தலைப்பாகம் வளைந்துவிடக் கூடும். குளிரூட்டியை நிறுத்தி, நிழலில் ஒதுக்கி, எஞ்சினையும் நிறுத்திப் போனெற்றைத் திறவுங்கள். றேடியேற்றர் மூடியைத் தொடாதீர்கள். உள்ளே நீர் அழுத்தத்தில் நிற்பதால் 100 பாகைக்கு மேலும் கொதியாமல் இருக்கின்றது. மூடி திறந்த கணத்தில் அழுத்தம் நீங்கி, நீர் சடுதியாகக் கொதித்து ஆவியோடு முகத்திலும் மார்பிலும் சீறும். குறைந்தது அரைமணி நேரம் ஆறிய பின், மேற்குழாயைக் கையாற் பிடிக்க முடிந்தாலன்றித் திறக்க வேண்டாம். அப்போதும் ஈரச் சாக்கை மடித்து மூடிமேற் போட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு, முதற் படி வரை மட்டும் திருப்பி ஓசை அடங்கிய பின் முற்றாகத் திறவுங்கள். சூடான எஞ்சினிற் குளிர்ந்த நீரைக் கொட்டினால் இரும்பு வெடிக்கும். எஞ்சினை இயக்கி, மெல்லிய ஓட்டத்தில் விட்டு, சிறிது சிறிதாக ஊற்றுங்கள்.

காரணத்தை வெளியிலிருந்து உள்ளே தேடுங்கள். றேடியேற்றரின் முகத்திற் பதரும் வைக்கோலும் புல்விதையும் ஒட்டிக் காற்றை மறித்திருக்கின்றனவா? நெற்பகுதிகளில் இதுவே முதற் காரணம். எஞ்சின் பக்கத்திலிருந்து முன்பக்கமாக நீரை மென்மையாக அடித்துக் கழுவுங்கள். வலுத்த பீச்சல் மெல்லிய தகடுகளை மடித்துவிடும். பெல்ற் அறுந்திருக்கின்றதா, தளர்ந்திருக்கின்றதா? எஞ்சினை நிறுத்திய பின், இரு கப்பிகளுக்கு நடுவே பெருவிரலால் அழுத்தினால், அரை அங்குலமளவு தாழ்தல் பொதுவாகச் சரி. றப்பர்க் குழாய் நுனியில் வெடித்திருந்தால், எட்டுமாயின் வெடித்த பகுதியை வெட்டி நீக்கி மீண்டும் பூட்டலாம். நடுவில் வெடித்திருந்தால், ஈரத்தைத் துடைத்து, பழைய சைக்கிள் ரியூபை நாடாவாக வெட்டி, இழுத்து இழுத்து ஒன்றன்மேலொன்றாய்ச் சுற்றி இரு நுனியும் கட்டுங்கள். பின் மூடியை முதற் படியில் மட்டும் நிறுத்தினால் அழுத்தம் ஏறாது. வழியில் நின்று நின்று நீரைப் பார்த்து, மெல்ல ஓட்டினால் அண்டைய ஊரைச் சேரலாம். சிலர் ஒழுக்கை அடைக்க மஞ்சட்டூளும் முட்டை வெள்ளையும் இடுவர். ஒழுக்கு நிற்கத்தான் செய்யும். கூடவே றேடியேற்றரின் நுண்குழாய்களும் அடைபடும்.

நீர் குறைந்துகொண்டே போகின்றது, ஒழுக்கோ தெரியவில்லை என்றால், எஞ்சின் ஓயில் அளக்கும் கோலை எடுத்துப் பாருங்கள். ஓயில் பாற்றேநீர் நிறமாயிருந்தால், அல்லது ஆறிய எஞ்சினை மூடி திறந்து இயக்கும்போது நீரில் இடையறாது குமிழ் எழுந்தால், தலைப்பாகத்தின் காஸ்கற் கெட்டுவிட்டது. அதற்குமேல் ஓட்டாமல் இழுத்துச் செல்வதே சிக்கனம். றேடியேற்றருக்கும் கிணற்று நீர் ஆகாது. அடுப்பிற் கேத்திலுக்குள் வெள்ளையாய்ப் படிவது எதுவோ அதுவே இங்கும் படிகின்றது. வழியில் வேறு வகையின்றி ஊற்றினால், வீடு வந்தபின் வடித்துவிட்டு உரிய குளிர்திரவத்தை நிரப்புங்கள்.

மாரி காலத்துக்கு ஒரு சொல். வெள்ளம் மூடிய தெருவால் ஓட்டும்போது எஞ்சின் திடீரென நின்றால், மீண்டும் இயக்கிப் பார்க்காதீர்கள். காற்றுக் குழாயால் நீர் உருளைக்குட் சென்றிருக்கக் கூடும். நீர் நெருங்காது, ஸ்ராட்டரின் ஒரே சுழற்சியில் உள்ளே உள்ள தண்டு வளைந்துவிடும். தள்ளிக் கரையேற்றி, காற்று வடியைத் திறந்து பாருங்கள். வடி நனைந்திருப்பின் மெக்கானிக்கிடம் விடுங்கள்.

பிறேக்கைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்லுவேன். ஏனெனில் தெருவில் நீங்கள் செய்யத்தக்கது அங்கே குறைவு. மிதி தளர்ந்து கீழே போனால் பாரத்தோடு ஓட்டலாகாது. பிறேக் ஓயில் குறைந்திருக்கக் கண்டு எஞ்சின் ஓயிலை ஊற்றியவர்கள் உண்டு. உள்ளிருக்கும் றப்பர் வளையங்கள் ஊதி, நாலு சில்லும் ஒருங்கே பிறேக்கை இழக்கும். மலைநாட்டு இறக்கங்களில் ஏறும்போது எந்தக் கியரோ இறங்கும்போதும் அதே கியர் என்று கொள்ளுங்கள்.

பாரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். பிக்கப்பில் ஒரு தொன் ஏற்றலாம் என்பது பொதுப் பேச்சு. உங்கள் வாகனத்துக்கு உரிய அளவு கைந்நூலில் உண்டு. ஒரு தொன் என்பது 50 கிலோ மூட்டையாயின் 20 மூட்டை. நெல்லாயின், புசல் ஒன்று ஏறத்தாழ 21 கிலோவாதலால், 48 புசலுக்குள். இது காய்ந்த நெல்லின் கணக்கு. ஈர நெல் இதனிலும் கனம். மூட்டைமேல் ஏறி வரும் கூலியாட்களும் இக்கணக்கில் அடங்குவர்! முப்பது மூட்டை ஏற்றி ஓடி, வில் முறிந்து, ரயர் வெடித்து, கிளச் எரிந்த பின் வாகனத்தை நொந்து பயனென்ன?

ரயர் மாற்றும்போது சில்லு நட்டுக்களை, வாகனம் தரையில் நிற்கும்போதே அரைச்சுற்றுத் தளர்த்திக்கொள்ளுங்கள். எதிர்ப்புறச் சில்லுகளுக்கு முன்னும் பின்னும் கல் வையுங்கள். வயலோரத்து இளகிய மண்ணில் ஜக் புதையும். அதன் கீழே தடித்த பலகையொன்று வேண்டும். ஜக் மட்டும் தாங்கும் வாகனத்தின் கீழே தலையையோ கையையோ நீட்டலாகாது. கழற்றிய சில்லையாவது வாகனத்தின் சட்டத்துக்குக் கீழே தள்ளிவையுங்கள். ஜக் சரிந்தாலும் அது தாங்கும். சில்லை மாற்றி 50 முதல் 100 கிலோமீற்றர் ஓடியபின் நட்டுக்களை மறுபடி இறுக்குங்கள்.

இனி, முன்குறி காட்டாமல் வரும் நோய் ஒன்று உண்டு. பல பழைய டீசல் எஞ்சின்களின் உள்ளே வால்வுகளை இயக்குவது பற்களுள்ள ஒரு றப்பர் பெல்ற். அது ஓசையின்றி அறும். அறுந்தால் வால்வுகள் வளைந்து எஞ்சின் பெருஞ் செலவைக் கேட்கும். பெரும்பாலும் 100,000 கிலோமீற்றரளவில் மாற்றுதல் வேண்டும்; சரியான எண் கைந்நூலில் இருக்கும். பழைய வாகனத்தை வாங்கியவர், முன்னையவர் மாற்றினார் என்பதற்குச் சான்று இல்லையேல், மாற்றப்படவில்லை என்றே கொள்ளல் வேண்டும்.

ஆகவே வாகனத்துள் ஒரு சிறு கொப்பி இருக்கட்டும். எஞ்சின் ஓயில், டீசல் வடி, காற்று வடி, இப்பெல்ற் ஆகியன மாற்றிய திகதியையும் கிலோமீற்றரையும் அதில் எழுதுங்கள். ஆசனத்தின் கீழே 8 முதல் 19 வரையான ஸ்பானர்கள், திருகாணிக் கருவி, வோல்ற்றுமானி, பியூஸ்கள், இரண்டு மூன்று குழாய்க் கிளிப்புகள், ஒரு பெல்ற், சைக்கிள் ரியூப், மின்சூள், கந்தல் துணி, ஐந்து லீற்றர் நல்ல நீர் என்பன இருப்பின் போதும். கராஜுக்குச் செல்ல நேர்ந்தால், "ஸ்ராட் வருகுதில்லை" என்று மட்டும் சொல்லி நிற்காதீர்கள். சாவியைத் திருப்பும்போது என்ன கேட்டது, விளக்கு மங்கியதா, என்ன நிறப் புகை, வெப்ப முள் எங்கே நின்றது, நீங்கள் எதைத் தளர்த்தினீர்கள், எதை மாற்றினீர்கள் என்பவற்றை வரிசையாகச் சொல்லுங்கள். மாற்றிய பழைய பாகத்தையும் கையில் வாங்கிக்கொள்ளுங்கள்.